பாய்க்கு அடியில் ஒரு வாக்குமூலம்

“முதல்ல ஸ்டேஷனுக்கா போனீங்க?”

அவர் மனைவி ஸினிவா முதலில் கேட்டது இதுதான். புலேமாவ் வீட்டுப் படியில் நின்று நனைந்த செருப்பை உதறிக்கொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். அவருடைய ரத்தம் இல்லை.

“முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் ஸ்டேஷன். அதுதான முறை?”

“எந்த ஊரு முறை? நீங்க ஸமோவாக்காரரா, இல்ல இன்னும் போலீஸ்காரர்தானா?”

புலேமாவ் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். இருபத்தாறு வருஷம் சீருடை போட்டவர். தேங்காய் உரித்து உரித்துக் கை வெடித்துப்போன அப்பாவைப் பார்த்துவிட்டு, இந்தப் பிழைப்பு நமக்கு வேண்டாம் என்று பத்தொன்பது வயதில் போலீஸில் சேர்ந்தார். இன்ஸ்பெக்டராகத்தான் ஓய்வு பெற்றார். ஆனாலும் ஜனங்களுக்கு இன்றைக்கும் சார்ஜன்ட்தான். சார்ஜன்ட்டாக இருந்த காலத்தில்தான் அவர் கையில் இருந்த தடி அதிகம் பேசியது. பிறகு குடும்பம் கூடி அவருக்குப் புலேமாவ் என்ற குடும்பத் தலைவர் பட்டத்தைக் கொடுத்தது. விலியாமு என்ற சொந்தப் பெயரை ஸினிவாவே மறந்துபோனாள். பட்டம் இருக்கிறவன்தானே தேர்தலில் நிற்கலாம், நில் என்றார்கள், நின்றார், ஜெயித்தார். ஒன்றரை வருஷமாகிறது. போலீஸாக இருந்தபோது அவரைப் பார்த்து ஓடிய ஜனம், எம்.பி. ஆன பிறகு அவரைப் பார்த்து ஓடி வந்தது. சாவுக்கு வா, கல்யாணத்துக்கு வா, கூரைத் தகரம் பிய்ந்துவிட்டது வந்து பார். அந்த ஒரு வித்தியாசம்தான். மற்றபடி உள்ளே இருந்த ஆள் பழைய ஆள்தான்.

“யாரு வீட்டுப் பையன்?” என்றாள் ஸினிவா.

“வாய்ஸேகு ஊரு. மலாக்கின்னு பேரு.”

“அப்பன் யாரு?”

அவர் சட்டையைக் கழற்றி மூலையில் போட்டார்.

“மதாயோ.”

ஸினிவா அப்படியே பாயில் உட்கார்ந்தாள். “உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?” என்றாள்.

மதாயோவை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். கலைக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. சார்ஜன்ட் விலியாமுவின் தடி மதாயோவின் இடது தோள் எலும்பில் விழுந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தத் தோளில் அதற்குப் பிறகு ஒரு மூட்டை ஏறவில்லை. ஆள் வேலையை விட்டுவிட்டு, பெண்டாட்டியின் ஊரான வாய்ஸேகுவுக்கு வந்து சேம்பு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த ஆளின் மகனைத்தான் புலேமாவின் வண்டி அடித்திருந்தது.

“பிழைச்சுக்குவானா?”

“வலது கால் ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. அது பரவாயில்ல. தலையில அடி. விடியற வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டர்.”

“ஸ்டேஷன்ல என்ன எழுதிக் குடுத்தீங்க?”

“வழக்கமா எழுதறதுதான்.”

அந்த ‘வழக்கமா’தான் வழியெல்லாம் அவர் கூடவே வந்திருந்தது.

நடந்தது வேறு. சாயங்காலம் ஆறரை மணி, தூறல். தலைநகர் ஆப்பியாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வாய்ஸேகு வளைவில் வண்டி திரும்பும்போது பக்கத்து சீட்டில் கிடந்த போன் வெளிச்சம் காட்டியது. கட்சிச் செயலாளரின் செய்தி. துணை அமைச்சர் பட்டியலில் பெயர் வருமா வராதா என்று மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் காத்திருந்த செய்தி. குனிந்து எடுத்தார். பெயர் இருக்கிறது என்ற முதல் வரி படித்திருப்பார், அவ்வளவுதான். இடது சக்கரம் தார் ரோட்டை விட்டுப் புல்லில் இறங்கியது. தோளில் கழி போட்டு, இரண்டு பக்கமும் சேம்புக் கூடை தொங்க, புல்லோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தான் மலாக்கி. சத்தம் கேட்டது. சேம்பெல்லாம் ரோட்டில் உருண்டது.

அவனைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனிலிருந்து கையெடுக்காமல் ஓட்டினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் கால் தானாக ஸ்டேஷன் பக்கம் நடந்தது. அங்கே சாயங்கால ஷிப்டில் ஆபேலு இருந்தான். அவரிடம் பயிற்சி எடுத்த பையன், இப்போது கான்ஸ்டபிள். அவரைப் பார்த்ததும் எழுந்து விறைத்து நின்றான். “ஐயா, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்” என்றான். “குடு, நானே எழுதறேன்” என்று தாளை வாங்கினார் புலேமாவ். எத்தனை நூறு விபத்துக்கு எழுதிய கை. பேனாவைப் பிடித்ததும் அது பாட்டுக்கு எழுதியது: ‘பாதசாரி எதிர்பாராத விதமாகச் சாலையின் குறுக்கே வந்துவிட்டார்.’ எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். அந்த வரியை அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

இதை அவர் ஸினிவாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே வேறு மாதிரி நடந்திருப்பாள்.

போன் அடித்தது. செயலாளர் ஃபிலிப்போ.

“புலேமாவ், கேள்விப்பட்டேன். மனசைத் தளர விடாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த ஊருக்குப் போய்ப் பாய் போர்த்திக்கிட்டு மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்துடாதீங்க. தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வக்கீல் பேசட்டும்.”

“போகாம எப்படி இருக்கிறது? நாளைக்கு ரெண்டு ஊரும் வெட்டிக்கும்.”

“சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டா சொல்லுங்க. போட்டோ எடுக்க ஆள் அனுப்பறேன். பணிவான தலைவர்னு நல்லா வரும்.”

ஸினிவா கையை நீட்டிப் போனை வாங்கினாள். “அண்ணே, நான் ஸினிவா பேசறேன். போட்டோக்காரன் வந்தா அவனையும் பாய்க்கு அடியில உட்கார வச்சிடுவேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவருக்கு வேலை இல்லை. ஸினிவா பெட்டியைத் திறந்து அவள் அம்மா வழியில் வந்த பெரிய பாயை எடுத்தாள். பட்டுத் துணி மாதிரி மடியும் பாய், ஓரத்தில் சிவப்பு இறகு. மூன்று கல்யாணத்திலும் பட்டம் சூட்டுகிற சடங்கு ஒன்றிலும் கை மாறி மறுபடி இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தது. புலேமாவின் அண்ணன் தோமாஸி வந்தார், தம்பி பெண்டாட்டி வந்தாள், சித்தப்பா மக்கள் வந்தார்கள். பதினாலு பேர் சேர்ந்தார்கள். தோமாஸி விறகுக் கட்டையும் அடுப்புக் கல்லும் லாரியில் ஏற்றினார். எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று சொல்லாமல் சொல்வதற்கு.

“உன்னை வேக வைக்க இந்த விறகு பத்தாதுடா” என்றார் தம்பியின் வயிற்றைப் பார்த்து. “எம்.பி. ஆனதுக்கு அப்புறம் ஒரு லோடு ஆகும்.”

யாரும் சிரிக்கவில்லை. தோமாஸியும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பயம் வந்தால் வாய் சும்மா இருக்காத ஆள் அவர்.

விடிவதற்குள் வாய்ஸேகு போய்ச் சேர்ந்தார்கள். குடும்பத்தின் பட்டம் மதாயோவிடம் இல்லை. அவர் அந்த ஊருக்கு வாழ வந்த மாப்பிள்ளை. பட்டம் மதாயோ பெண்டாட்டியின் அக்காளிடம் இருந்தது. துயிமாஸி. இரண்டு பஸ் வைத்திருக்கிற அம்மாள், ஒன்றை முப்பது வருஷமாகத் தானே ஓட்டுகிறவள். அவள் வீட்டு வாசலில், கடல் கல் பரப்பிய தரையில், வரிசையாக உட்கார்ந்தார்கள். புலேமாவ் முன்னால். கீழே குனிந்து தலையைத் தொங்கப் போட்டார். ஸினிவா பாயை விரித்து அவர் மேல் போர்த்தினாள். உலகம் இருட்டானது.

பாய் எடுபடும் வரை அசையக் கூடாது, பேசக் கூடாது. வீட்டிலிருக்கிறவர்கள் வந்து எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். அப்படி எழுந்து போன குடும்பங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் வீடு அன்றைக்குச் சாயங்காலமே எரிந்ததை, போலீஸாகப் போய் நின்று பார்த்தவர் புலேமாவ். இந்த மாதிரி எத்தனை வாசலில் காவலுக்கு நின்றிருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு, ஓரமாக, மணியைப் பார்த்துக்கொண்டு. சீக்கிரம் எடுத்துத் தொலைத்தால் டீ குடிக்கப் போகலாம் என்று. பாய்க்கு அடியில் இத்தனை புழுக்கம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

விடிந்தது. நெசவின் இடுக்கில் வெளிச்சம் பொடிப் பொடியாக உள்ளே வந்தது. தாழை மணமும் பெட்டியில் கிடந்த பூச்சி உருண்டை மணமும் மூக்கை அடைத்தன. கல் முட்டியில் குத்தியது. பாயின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. அதில் கால்கள் மட்டும் தெரிந்தன. நாய்க் கால், கோழிக் கால், பள்ளிக்கூடம் போகிற சின்னக் கால்கள். அவை நின்றன. பார்த்தன. அப்புறம் ஓடின.

பொழுது ஏறியதும் இளவட்டங்கள் வந்தார்கள்.

“டேய், எம்.பி. ஓட்டுக் கேக்க வந்திருக்காருடா. பாயெல்லாம் போர்த்திக்கிட்டு.”

“ஓட்டு இல்லடா. ஆளை அடிச்சிட்டு மன்னிப்புத் தேடி வந்திருக்காரு.”

“யோவ் சார்ஜன்ட்டு, தடி கொண்டு வரலையா?”

தேங்காய் ஓடு ஒன்று பறந்து வந்து பக்கத்தில் விழுந்து தெறித்தது. பின்னாலிருந்த தம்பி பெண்டாட்டி விசும்பினாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், சத்தமே போடாமல் சொன்னது: “இன்னொரு ஓடு வந்துச்சுன்னா எறிஞ்ச கை என் பஸ்ஸுல இனிமே டிக்கெட் வாங்காது. நடந்தே போகட்டும் டவுனுக்கு.” கால்கள் கலைந்தன. துயிமாஸிதான்.

ஆனால் பாயை எடுக்க அவள் வரவில்லை.

ஒரு மணி நேரம் போனது. இன்னொரு மணி நேரம். உள்ளே கோக்கோ காய்ச்சும் வாசனை. தட்டு வைக்கிற சத்தம். அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டார்கள். வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, துடைக்கக் கையைத் தூக்க முடியாது. இடது கால் மரத்துப்போய் அது தன்னுடையது என்ற நினைவே விட்டுப்போனது. அந்தப் பையன் செத்திருந்தால்? விடிந்து இவ்வளவு நேரமாகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது செய்தி வந்திருக்கும். வந்ததால்தான் எடுக்காமல் இருக்கிறார்களோ? பின்னால் ஸினிவாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு முட்டி வலி உண்டு. தன் தப்புக்கு அவள் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போது இரண்டு கால்கள் வந்து பாய்க்கு முன்னால் நின்றன. செருப்பில்லாத கால்கள், குதிகால் வெடிப்பில் சேம்புத் தோட்டத்து மண். ஒரு ஆளைக் காலை வைத்தே சொல்லிவிடுவேன் என்று ஸ்டேஷனில் பெருமை அடித்தவர் புலேமாவ். இதைச் சொல்லப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

“என்னைத் தெரியுதா சார்ஜன்ட்டு?”

மதாயோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“தெரியும். உனக்கு என் தோளைத் தெரியும். அது வேலைச் சண்டை. நீ கூலிக்கு அடிச்சே, நான் கூலிக்கு வாங்கினேன். அதை விடு.” மதாயோவின் குரல் தணிந்தே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. “நேத்து ராத்திரி ஷிப்ட் முடிஞ்சதும் ஆபேலு எங்க வீட்டுக்கு வந்தான். என் பெண்டாட்டியோட சித்தி மகன் அவன். அழுதுக்கிட்டே சொன்னான், நீ என்ன எழுதிக் குடுத்தேன்னு. என் பையன் குறுக்கே வந்து விழுந்தானாமே உன் வண்டியில?”

வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அது ஸினிவா என்று அவருக்குத் தெரிந்தது.

“முதல்ல பேப்பருக்குக் குனிஞ்சே. அப்புறம் இங்க வந்து குனியறே. எந்தக் குனிவுய்யா நிஜம்?”

வேறு இரண்டு கால்கள் மரப்படியில் இறங்கி வந்தன. ரப்பர் செருப்பு, பிரேக்கை அழுத்தி அழுத்திப் பருத்த கட்டைவிரல். துயிமாஸி.

“புலேமாவ்,” என்றாள், பட்டத்தைச் சொல்லி, மரியாதை குறையாமல். “பாய்க்கு அடியில பேசற வழக்கம் இல்ல. எனக்குத் தெரியும். இன்னைக்கு நான் அனுமதி குடுக்கறேன். அந்த வளைவுல முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன், ஒரு கோழி அடிபட்டதில்ல. என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க. எழுதினதைச் சொல்ல வேணாம். நடந்ததைச் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடினார். சொன்னால் வழக்கு வரும். வழக்கு வந்தால் துணை அமைச்சர் என்ன, எம்.பி. பதவியே போனாலும் போகும். சொல்லாமலும் இருக்கலாம். இருட்டு, தூறல், சரியாகத் தெரியவில்லை என்று இழுக்கலாம். எத்தனை பேர் அப்படி இழுத்ததை அவர் கேட்டிருக்கிறார். இழுக்கிறவனுடைய கால் கட்டைவிரல் மடங்கும். கண்ணைத் திறந்து தன் காலைப் பார்த்தார். மடங்கியிருந்தது.

“போன் பார்த்தேன்” என்றார்.

குரல் பாய்க்குள்ளேயே அமுங்கிப்போனது.

“கேக்கல” என்றார் மதாயோ.

“போனை எடுத்துப் படிச்சேன். வளைவுல. வண்டி புல்லுல இறங்கிடுச்சு. உங்க பையன் ரோட்டுக்கே வரல. புல்லு மேலதான் போய்க்கிட்டிருந்தான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் எழுதினது பொய்.” நிறுத்தினார். இன்னும் மிச்சமிருந்தது, அதுவும் வெளியே வந்தது. “பயந்து எழுதல. பழக்கத்துல எழுதினேன். படிச்சுப் பார்த்தப்ப பொய்யின்னு தெரிஞ்சுது. அப்பவும் அந்த வரியை அடிக்கல.”

எங்கேயோ பன்றி ஒன்று உறுமியது.

சொல்லி முடித்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இறங்கியது. மூட்டை இறக்கியவனின் முதுகு அப்படித்தான் இருக்கும். இனி எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி என்று இருந்தது. இல்லை, எடுக்க வேண்டும், ஸினிவாவின் முட்டிக்காகவாவது எடுக்க வேண்டும்.

“ராத்திரி பன்னெண்டு மணிக்கே பையன் கண் முழிச்சிட்டான்” என்றாள் துயிமாஸி.

பாய்க்கு அடியில் புலேமாவின் தோள் குலுங்கியது.

“முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி, சேம்பெல்லாம் என்ன ஆச்சுன்னு. ரெண்டாவது, புல்லு மேலதான நடந்தேன், எப்படி அடிச்சுதுன்னு. அவன் அம்மா போன்ல சொன்னா. எங்களுக்கு எல்லாம் தெரியும்.”

பின்வரிசையிலிருந்து தோமாஸி பொறுக்க முடியாமல், “அம்மா, தெரிஞ்சுமா ஆறு மணி நேரம்?” என்றார்.

“ஆறு இல்ல. அஞ்சே கால். நான் பஸ்காரி, நேரம் தப்பாது.” துயிமாஸி திரும்பினாள். “மதாயோ, பட்டம் என்கிட்ட இருக்கு, பையன் உன்னோடவன். நீயே எடு.”

கால்கள் அசையவில்லை. அந்தச் சில நொடிகள்தான் ஐந்தே கால் மணி நேரத்தையும் விட நீளமாக இருந்தன. பிறகு மண் படிந்த கால் ஒரு அடி முன்னால் வந்தது. பாயின் வலது ஓரம் மேலே எழுந்தது. இடது ஓரம் எழவில்லை. மதாயோவின் இடது கை மார்புக்கு மேலே போகாது. பாய் பாதி தூக்கி, பாதி சரிந்து, புலேமாவின் காதில் சிக்கி நின்றது. உதவ வேண்டும் என்று தன்னையறியாமல் அவர் கை உயர்ந்தது.

“கையைக் கீழ போடுங்க!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் ஸினிவா. “தனக்குத்தானே பாயை எடுத்துக்கிட்ட எம்.பி.ன்னு சொல்வாங்க.”

துயிமாஸிதான் முதலில் சிரித்தாள். அவளே வந்து மறு ஓரத்தைப் பிடித்தாள். பாய் போனது. வெயில் முகத்தில் அறைந்தது. கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது, எதிரே மதாயோ நின்றிருந்தார், நரைத்த தாடி, ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தாழ்ந்து. புலேமாவின் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் குத்தி ரத்தம் வழிந்திருந்தது.

“எந்திரி” என்றார். “எந்திரிக்க முடியுதா?”

முடியவில்லை. மதாயோவும் தோமாஸியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கும்போது மதாயோ அவர் காதருகே சொன்னார்: “இது பையனுக்கு மட்டும். தோளுக்கு இன்னொரு நாள் வா. அதுக்குத் தனிப் பாய்.”

“வரேன்.”

“நல்ல பாயா கொண்டு வா.”

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று புலேமாவுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, அப்புறமும் தெரியவில்லை. எப்படியானாலும் போவது என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

உள்ளே சடங்குக்கு ஆவா வேர்ப் பானம் கரைத்தார்கள். பேச்சாளர் ஒருவர் எழுந்து இரு குடும்பத்து வம்சத்தையும் சொல்லி வாழ்த்தினார். அது முடிவதற்குள் பெண்கள் தட்டை வைத்துவிட்டார்கள். சுட்ட சேம்பு, தேங்காய்ப்பால் ஊற்றிச் சேம்பிலையில் கட்டிச் சுட்டது, டின் இறைச்சி. சேம்பு நேற்று ரோட்டில் உருண்டது என்று பரிமாறின பெண் சொன்னாள். அவள் குத்திக் காட்டவில்லை. பொறுக்கி எடுத்து வந்ததை வீணாக்கவில்லை, அவ்வளவுதான். புலேமாவ் தின்றார். இரண்டாம் தட்டையும் தின்றார். இவ்வளவு பசித்து எத்தனை வருஷமாகிறது என்று அவருக்கே தெரியவில்லை. ஸினிவா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் மெதுவாக.

“சொல்லியிருந்தா?”

“ராத்திரியே ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன். அப்புறம் இங்க வந்திருப்போம். ரெண்டு மணி நேரத்துல எடுத்திருப்பாங்க.” அவள் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு சேம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “என் முட்டிக்கு மூணு மணி நேரம் கடன்பட்டிருக்கீங்க.”

ஆபேலு வெளியே தென்னை மரத்தடியில் சீருடையில் நின்றிருந்தான். உள்ளே வரவில்லை. புலேமாவ் நொண்டி நொண்டி அவனிடம் போனார். அவன் விறைத்து நின்றான். கண் சிவந்திருந்தது.

“ஐயா, மன்னிச்சிடுங்க. ஸ்டேஷன் விஷயத்தை வெளியில சொன்னது தப்பு. என் மேல நடவடிக்கை எடுக்கலாம்.”

“நடவடிக்கை எடுக்க நான் யாரு? நான் குத்தவாளிடா” என்றார் புலேமாவ். அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “வா, போலாம். புதுசா எழுதணும்.”

“பழைய தாளை என்ன பண்றது ஐயா? எடுத்துடவா? இன்னும் பதிவு பண்ணல. யாருக்கும் தெரியாது.”

புலேமாவ் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். நல்ல பையன்தான். யாரிடம் கற்றுக்கொண்டு இப்படிக் கேட்கிறான் என்பதும் தெரிந்ததுதான்.

“தொடாத. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். ரெண்டையும் சேர்த்துக் குத்தி வை. இந்தத் தடவை நான் சொல்றேன், நீ எழுது. பேனா என் கைக்கு வர வேணாம்.”

ஃபிலிப்போ இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று ஒரு கணம் தோன்றியது. சாயங்காலத்துக்குள் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார். அடிக்கட்டும். மாஜிஸ்திரேட் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம். அது கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஆனால் நேற்று ராத்திரி இருந்த பயம் வேறு. அது பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு விடாத பயம். இது எதிரே நின்று பேசுகிற பயம், பதில் சொல்லிக்கொள்ளலாம்.

மதாயோ படிவரை வந்தார். “போற வழியில ஆஸ்பத்திரில எட்டிப் பாரு. பையன்கிட்ட நீயே சொல்லு. அப்பன் சொன்னாருன்னு சொல்லாதே, தானாத்தான் வந்தேன்னு சொல்லு.”

“தானாத்தான போறேன்.”

“அதான், அப்படியே சொல்லு.”

போலீஸ் வண்டியின் முன்கதவை ஆபேலு திறந்து பிடித்தான். புலேமாவ் அதை விட்டுப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை. கம்பி வலை முன்னால். ரெக்ஸின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அகலமாக, வசதியாகவே இருந்தது. காலை நீட்டினார். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தது.

ஆபேலு கண்ணாடியில் பார்த்து ஏதோ கேட்டான். பதில் வரவில்லை. சார்ஜன்ட் வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி அவன் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.